டி.சி. வாங்குவதற்கு முன்

மே கடைசியில் தொடங்கும் இந்த போன் கால்கள். "மேடம், பையன் ஸ்கூலுக்குப் போகவே மாட்டேங்கிறான். பேசாம பிரைவேட்டா பத்தாவது எழுத வெச்சிடலாமா?" திருப்பூரில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளோடு 14 வருடமாக வேலை செய்கிறேன். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் "சரி, கூட்டிட்டு வாங்க" என்பேன். இப்போது சொல்வதில்லை. அதற்குக் காரணம் ஒரு பெண். அவளுக்கு வழி சொன்னவள் நான்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நின்றவள் அவள். குடும்பம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பா கீழே விழுந்து கால் உடைந்து படுத்ததும், வீட்டு வேலை, தம்பி, அப்புறம் கம்பெனியில் கைமடி (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை) என்று அவள் நாள் ஓடியது. ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்தபோது வயது 15. "அக்கா, எனக்குப் பத்தாவது மட்டும் முடிக்கணும்" என்றாள். அவள் படித்த அரசுப் பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தலைமை ஆசிரியரைப் பார்த்து மறுபடி ஒன்பதில் சேர்த்துவிட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுவாள், சம்பளமும் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, பள்ளிக்குப் போகாமல் தேர்வை மட்டும் எழுதும் தனித்தேர்வராக விண்ணப்பம் போட வைத்தேன்.

எழுதினாள். நடுவில் கொரோனா வந்து தேர்வு தள்ளிப் போனது. அதையும் தாண்டிப் பத்து, பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று எல்லாவற்றையும் ஷிப்டு முடிந்து வந்து படித்தே முடித்தாள். அரசுக் கல்லூரியில் பி.காம். இடமும் கிடைத்தது. முதல் வாரமே வகுப்பில் புதுமைப்பெண் திட்டப் படிவம் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். படிவத்தின் ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பள்ளி.

"எட்டு வரைக்கும் எழுதிட்டேன்க்கா. அதுக்கு மேல என்ன எழுதுறது?" என்று போனில் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

நான் வழி சொன்னபோது அந்தத் திட்டமே கிடையாது, உண்மைதான். 1989 முதல் இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவியை மாற்றி, 2022 செப்டம்பர் 5 அன்றுதான் புதுமைப்பெண் தொடங்கப்பட்டது. ஆனால் மற்ற உதவிகள் அப்போதும் இருந்தன. அரசுப் பள்ளியில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு படித்தால் இடைநிற்றலைத் தடுக்க 1,500, 1,500, 2,000 என்று மொத்தம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. சைக்கிள், புத்தகம், பஸ் பாஸ். பிறகு 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் வந்தது, மறு வருடம் பொறியியலுக்கும் அது விரிந்தது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எதுவும் ரகசியமில்லை. நான்தான் கூட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோர் குழம்பும் இடம் இதுதான். தனித்தேர்வில் வாங்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுப்பதுதான். பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ். வேலைக்கும் மேல்படிப்புக்கும் அது முழுச் சான்றிதழ், யாரும் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. பத்து பாஸ் ஆகாதவர் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் இந்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பாஸ் ஆனவருக்கு அது வேண்டியதில்லை. இதற்காகவே 30 வயதில் பத்தாவது எழுத வருகிறவர்கள் உண்டு. ஆனால் நலத்திட்டம் சான்றிதழைத் தாண்டி இன்னொன்றையும் பார்க்கிறது: எந்தப் பள்ளியின் பதிவேட்டில், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை பெயர் இருந்தது என்று. தனித்தேர்வருக்குப் பதிவேடே கிடையாது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போய் வந்த சில நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் பிள்ளை பள்ளியில் இருக்கிறது என்று அர்த்தமா? 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று சுமார் 50,000 பேர் வராமல் போனது நினைவிருக்கும். எப்போதோ நின்றுபோனவர்களில் பலரின் பெயர் கணக்கில் அப்படியே இருந்ததுதான் பெரிய காரணம். எங்கள் பகுதியிலும் பட்டியலில் இருந்த சிலரைத் தேடிப் போனேன். ஒருவன் டையிங் பட்டறையில் வேலையில் இருந்தான். இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

வரவில்லை என்றால் பணத்தைப் பிடி என்று சொல்பவர்களும் உண்டு. பயிற்சிக் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைக் கட்டாயம் எழுப்புவார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1980களின் கடைசியில் அதைச் செய்து பார்த்தது. லேர்ன்ஃபேர் என்று பெயர். உதவித்தொகை வாங்கும் குடும்பத்தின் வளரிளம் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டால், குடும்பத்துக்கு வரும் தொகையில் வெட்டு. மில்வாக்கி நகரத்து வருகைக் கணக்கே தப்பும் தவறுமாக இருந்ததால், 1990-ல் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. பிறகு வந்த மதிப்பீடுகளில் வருகை கூடியதாகவும் தெரியவில்லை. நம் திட்டங்கள் பிடுங்குவதில்லை, கொடுக்கின்றன. அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் நடுவில் நின்று, தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

அதே நாட்டில் ஜி.இ.டி. என்ற தேர்வு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, பள்ளியை முடிக்காமல் படைக்குப் போனவர்களுக்காக 1942-ல் ஏற்பட்டது. பாஸ் செய்தால் பள்ளிப் படிப்புக்குச் சமம். பொருளாதாரத்தில் நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன், ஸ்டீபன் கேமரனோடு சேர்ந்து 1993-ல் ஆராய்ந்தபோது, சம்பள விஷயத்தில் ஜி.இ.டி. பெற்றவர்கள் பள்ளியை முடித்தவர்களை விட, பாதியில் விட்டவர்களுக்கே நெருக்கமாக இருந்தார்கள். தேர்வை மட்டும் எழுதுகிறவருக்குப் பள்ளி தருகிற மற்றதெல்லாம் கிடைப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்கு அவள் ஞாபகம் வந்தது. பள்ளி என்ற வார்த்தை வரும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "டூர் எங்கக்கா கூட்டிட்டுப் போவாங்க?"

இதனால் தனித்தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. 19 வயதாகிக் குழந்தையும் இருக்கிற பெண்ணைப் போய் ஒன்பதாம் வகுப்பில் உட்காரச் சொல்ல முடியாது. அவளுக்கு அது நல்ல கதவு. எட்டாவதே முடிக்காதவர்களுக்கு, பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். இன்னும் இளகிய வழி. பதிவு 5 வருடம் செல்லும். ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டாம், ஏப்ரலில் இரண்டு, அக்டோபரில் ஒன்று என்று பிரித்து எழுதலாம். பாஸான பாடம் பாஸ்தான். கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஒன்றில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன். "பத்தும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம், நேரடியா டிகிரி" என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்பது 2009-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த விஷயம். அதே போல, கேள்விப்படாத போர்டு பெயரில் "ஒரே மாதத்தில் பத்தாவது" என்று காசு கேட்டால், அந்த போர்டு அங்கீகாரம் பெற்றதுதானா என்று முதலில் பாருங்கள். டுடோரியல்காரர் காட்டும் லேமினேட் செய்த தாள் போதாது. அப்படி 18,000 ரூபாய் கட்டிவிட்டு வந்த ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். அந்த இடம் இப்போது செல்போன் கடை.

என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது முதலில் வயதைக் கேட்கிறேன். 16-க்குள் என்றால் தனித்தேர்வுப் பேச்சையே எடுப்பதில்லை, நேராகப் பழைய பள்ளிக்குப் போகிறோம். சில தலைமை ஆசிரியர்கள் தயங்குவார்கள், ரிசல்ட் சதவீதம் குறையுமே என்ற கவலை. மாவட்டக் கல்வி அலுவலகம் வரை ஒரு நடை போய் வந்தால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் பற்றியும் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் வந்த திட்டம், அதுவும் மாதம் 1,000. அந்தப் பணத்துக்காக எந்தப் பையனும் பள்ளிக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. அப்பாக்கள் மனம் மாறுவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் 1,000 ரூபாய் இல்லாமலே பி.காம். படித்தாள். சனி, ஞாயிறு கைமடி. அவள் தம்பி ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் மட்டம் போட்டபோது, பனியன் வேஸ்ட் குடோனில் போய்ப் பிடித்து, பள்ளி கேட் வரை காதைத் திருகிக் கூட்டிப் போனாள் என்று அவள் அம்மா சொல்லிச் சிரித்தார்.

போன வாரமும் ஒரு கால். ஒன்பதாவது ஃபெயில், பையனுக்கு 15 வயது, டுடோரியலில் அட்வான்ஸ் கட்டப் போகிறார்களாம்.

"டி.சி. வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க மேடம். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"வாங்காதீங்க. பையனைக் கூட்டிட்டு ஒன்பது மணிக்கு ஸ்கூல் கேட்டுல நில்லுங்க. நான் வந்துடறேன்."