சிறப்புப் பயிற்றுநர் எத்தனை நாள் வந்தார்? மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குப் பள்ளி தர வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாடுள்ள குழந்தையைச் சேர்த்துக்கொள்வதோடு பள்ளியின் கடமையை முடித்துவிடவில்லை. அந்தக் குழந்தைக்குத் தனிப்பட்ட உதவி தர வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் அது பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், படிப்பில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று கண்காணிக்க வேண்டும் என்கிறது பிரிவு 16. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

"40 சதவீதக் குறைபாட்டுச் சான்று கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. இது தவறு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி (பிரிவு 31), இலவசப் புத்தகம், உதவிக் கருவிகள் ஆகியவற்றுக்குத்தான் 40 சதவீத வரம்பு. பிரிவு 16-இல் அப்படி ஒரு வரம்பே இல்லை.

நடைமுறையில் அதிகம் தவறிப்போவது சிறப்புப் பயிற்றுநரின், அதாவது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரின், நேரம்தான். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 15 பேருக்கு ஒருவர் என்று 2022-இல் மத்திய அரசு விகிதம் அறிவித்தது. ஆனால் வட்டார வள மையத்திலிருந்து வரும் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றும்போது, குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. பதிவேட்டில் 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும்.

அதனால் கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்: என் குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல் வேண்டும். அதில் 'எழுத்துப் பயிற்சி தரப்படும்' என்று இருந்தால் போதாது. வாரம் எத்தனை முறை, எவ்வளவு நேரம், யார், எந்த மாதத்துக்குள் என்ன எதிர்பார்ப்பு என்று இருக்க வேண்டும். பயிற்றுநர் வந்த தேதிகளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வாருங்கள். பின்னாளில் புகார் செய்தால் அது உதவும்.

பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸ் (EMIS) பதிவில் குழந்தையின் குறைபாடு சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். விடுபட்டால் ஒதுக்கீட்டுக் கணக்கிலேயே குழந்தை வராது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசு, உதவி பெறும் பள்ளிக் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. இது ரொக்கமாகக் கைக்கு வருவதல்ல, சேவைகளுக்கும் கருவிகளுக்கும் செலவிடப்படுவது. பெண் குழந்தைகளுக்குத் தனியாக மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகை இருக்கிறது.

வீட்டுவழிக் கல்வி பற்றி ஒன்று: கடுமையான குறைபாடுள்ள குழந்தையின் தரப்பு விரும்பினால் தேர்ந்தெடுக்கக்கூடிய உரிமை அது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளி சொல்வதற்கான வழி அல்ல. விருப்பமில்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு கேட்டால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

பள்ளி அசையாவிட்டால், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கின்றன இந்தச் சட்டத்தின் 2017 விதிகள். முதல் மனு அவருக்கு. பயிற்றுநரின் வருகைப் பதிவு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். அடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தை அதே கெடுவுக்குள் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.