மறுசுழற்சி: தாளுக்கு இந்தச் சொல் பொருந்துமா?

'ரீசைக்கிளிங்' என்பதற்கு நாம் எழுதும் தமிழ் மறுசுழற்சி. இலங்கையில் மீள்சுழற்சி என்பார்கள். இரண்டும் சரிதான். ஆங்கிலச் சொல்லில் 'ரீ' லத்தீன் முன்னொட்டு, 'மறுபடி' என்று பொருள். 'சைக்கிள்' கிரேக்க மொழியில் சக்கரத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 1920களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் புழங்கிய தொழிற்சொல் இது. குப்பையைப் பற்றிய பேச்சில் நுழைந்தது அப்புறம்தான்.

இதை மறுபயன்பாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுதிய தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டால் அது மறுபயன்பாடு. அதே தாளை நீரில் ஊறவைத்து, மையை நீக்கி, கூழாக்கி, புதிய தாளாக வார்த்தால்தான் மறுசுழற்சி.

'சுழற்சி' என்றதும் முடிவில்லாமல் சுற்றும் சக்கரம் நினைவுக்கு வருகிறது. தாள் அப்படிச் சுற்றாது. கூழாகும் ஒவ்வொரு முறையும் நார் நறுங்கிக் குட்டையாகிறது. சுமார் 5 முதல் 7 சுற்றுக்குமேல் அது தாளாகப் பிடித்து நிற்காது. புது நார் கொஞ்சம் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே புதுத்தாளையும் பழையதாளையும் எதிரிகளாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றில்லாமல் மற்றது ஓடாது.

சரி, சூழலுக்கு எது நல்லது? பெரும்பாலும் மறுசுழற்சியே. மரத்தைச் சில்லுகளாக்கி, வேதிப்பொருளில் வேகவைத்து, நாரைப் பிரிக்கும் பெரும்பாடு மிச்சம். தண்ணீரும் மொத்த ஆற்றலும் குறைவாகவே செலவாகும். குப்பைமேட்டில் புதைந்த தாள் காற்றில்லாமல் மக்கி மீத்தேனை விடுவதும் தவிர்க்கப்படும். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. மரக்கூழ் ஆலைகள் பலவும் மரத்திலிருந்து பிரியும் கரிய கழிவுச்சாற்றை எரித்தே தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பெறுகின்றன. பழைய தாளைக் கரைக்கும் ஆலைக்கு அந்த வழி கிடையாது. அது நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் கரியமில வாயுக் கணக்கில் ஆதாயம் சுருங்கிவிடும். மை நீக்கிய சகதியும் மிஞ்சும்.

'காகிதம்' பாரசீகத்தின் 'காகஸ்' வழி வந்தது. 'தாள்' தமிழ். பயிரின் தண்டுக்கும் அதுதான் பெயர். செடியின் நாரால் ஆன பொருளுக்கு இதைவிட அழகான பெயர் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கி.பி. 105இல் சீன அரசவையில் அதிகாரி சாய் லுன் முன்வைத்த தாளில் மரப்பட்டையோடு கந்தலும் பழைய மீன்வலையும் இருந்தன. ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கந்தல் துணிதான் முக்கியமான மூலப்பொருள். ஆக, பழையதைக் கூழாக்குவது தாளுக்குப் புதிதல்ல. மரக்கூழ்தான் பிந்தி வந்தது.

உருக்கி வார்த்தாலும் தன்மை கெடாத கண்ணாடிக்கு 'மறுசுழற்சி' கச்சிதமான சொல். தாளுக்கு 'மறுகூழாக்கம்' என்றே எழுத விரும்புகிறேன்.