மேகத்துக்குள் காது சொல்லும் பொய்

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சுழல்நாற்காலியில் உட்காருங்கள். யாராவது சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். சுமார் 20 விநாடியில் நாற்காலி நின்றுவிட்டதாகவே தோன்றும். நிஜமாக நிறுத்தினாலோ, எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல் இருக்கும்.

உள்காதில் திரவம் நிறைந்த 3 அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் சற்றே பின்தங்கி, அங்குள்ள நுண்ணிய இழைகளை வளைக்கும். சுழற்சி சீரானதும் திரவமும் கூடவே சுற்றும், இழைகள் நிமிர்ந்துவிடும். அப்புறம் மூளைக்குச் சொல்லக் காதிடம் ஒன்றுமில்லை. தரையில் இருந்தால் கண் திருத்திவிடும். மேகத்துக்குள் பறக்கும் விமானியின் கண்ணுக்குத் தெரிவது வெறும் வெள்ளை.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த அனுபவம் இல்லாத 20 பேரைச் செயற்கையாக உண்டாக்கிய 'மேகத்துக்குள்' பறக்கவிட்டார்கள். அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். 19 பேர் சிக்கியது சுருள் வீழ்ச்சியில். விமானம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது விமானிக்கு உறைப்பதில்லை. உயரம் குறைவது மட்டும் தெரிகிறது. பதறிப்போய்க் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுக்கிறார். சாய்ந்த விமானம் மேலே ஏறாது, வட்டத்தைத்தான் இன்னும் இறுக்கும். அந்த 178ஐப் பலரும் சொல்கிறார்கள். சில மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு அவர்களில் ஏறக்குறைய எல்லாராலும் பத்திரமாகத் திரும்ப முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தப் பயிற்சியின் விரிவான வடிவம்தான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதி. அமெரிக்காவின் வழக்கமான விதிப்படி இதற்குக் குறைந்தது 40 மணி நேரம் கருவிகளை வைத்தே பறந்திருக்க வேண்டும். வெளியே தெரியாதபடி மறைக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கருவிப் பலகையை மட்டும் பார்த்துப் பறக்க வேண்டும். நடுவில் செயற்கைத் தொடுவானம், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி. உள்ளே வேகமாகச் சுழலும் கைரோ என்ற சக்கரம் தன் நிலையை விட்டு அசையாது, அதைச் சுற்றி விமானம்தான் சாய்கிறது. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், வெளியே தெரியாதபடி மூடிய விமானி அறைக்குள்ளிருந்தே ஏறி, பறந்து, இறங்கிக் காட்டியபோது நம்பியதும் இந்தக் கருவியைத்தான். பார்வை அதிலிருந்து உயரமானிக்குப் போகும், திரும்பும். வேகமானிக்குப் போகும், திரும்பும். ஒரே முள்ளில் கண் நிலைகுத்தினால் மற்றவை நழுவிவிடும்.

"கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிங்க" என்பார் பயிற்றுநர். விமானத்தை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, "இப்ப உங்க கையில்" என்பார். நிமிர்ந்து பார்த்தால் தொடுவானம் சரிந்து கிடக்கும், உடம்போ நேராக இருப்பதாகச் சாதிக்கும். சில நாள் தொடுவானக் கருவியையே மூடிவிடுவார். மிச்சக் கருவிகளை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

கடைசிப் பாடம் தரையிறங்குவது. ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ கற்றைகளைப் பிடித்துக்கொண்டு, சுமார் 3 டிகிரி சரிவில் இறங்குகிறார்கள். வழக்கமாக 200 அடி உயரத்தில் முடிவெடுக்க வேண்டும். விளக்குகள் தெரியவில்லையா, மேலே ஏற வேண்டியதுதான். முழு விசை கொடுத்ததும் முதுகு இருக்கையில் அழுந்தும். அதையும் காது தப்பாகவே படிக்கும்: விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிவிட்டது, அமுக்கு, அமுக்கு என்று. கீழே 200 அடிதான் இருக்கிறது. பயிற்சி பெற்றவரின் கண் செயற்கைத் தொடுவானத்தில் இருக்கும். கை அமுக்காது.