டெஸ்டர் உங்கள் கழுத்தைத்தான் பார்க்கிறார்

சிங்கப்பூரில் கார் உரிமத்துக்கான ஓட்டுநர் டெஸ்டுக்குத் தேதி கிடைத்ததும் என்னிடம் ஓட்டப் பழகுபவர்கள் முதலில் கேட்பது பார்க்கிங் பற்றித்தான். "அண்ணே, பேரலல் பார்க்கிங் இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பாத்துக்கலாமா?" தாராளமாகப் போடலாம். ஆனால் இத்தனை வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்க்கிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவர்கள்கூட சாலைக்குப் போன பிறகு தோற்றுவிட்டு வருகிறார்கள். காரணம் கைக்கும் காலுக்கும் பழக்கம் போதாதது இல்லை, தலையைத் திருப்பிப் பார்க்காததுதான்.

கார் டெஸ்ட் நடக்கும் இடங்கள் மூன்று: உபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ். தனியார் பயிற்றுநரிடம் கற்றாலும் டெஸ்டுக்கு இந்த நிலையங்களில் ஒன்றுக்குத்தான் வர வேண்டும். பக்கத்தில் உட்காருபவர் போக்குவரத்துப் போலீசின் டெஸ்டர், அதாவது உங்களைச் சோதிக்கும் அதிகாரி. முதலில் நிலையத்துக்குள் இருக்கும் ஓட்டுதளமான சர்க்கிட், பிறகு சாலை. உங்கள் பெயரில் பிழைப் புள்ளிகள் ஏறிக்கொண்டே வரும். 18 வரை இருந்தால் தேர்ச்சி, அதைத் தாண்டினால் இல்லை. சில பிழைகளுக்குப் புள்ளிக் கணக்கே கிடையாது, அந்த இடத்திலேயே தோல்வி. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் கெர்ப்மேல் (சாலையோரக் கல்விளிம்பு) சக்கரத்தை ஏற்றுவதும் அப்படிப்பட்டவை.

சர்க்கிட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மேடு, எஸ் வளைவு, கிராங்க் எனப்படும் செங்கோணத் திருப்பங்கள், மூன்று முறை முன்பின் எடுத்துத் திருப்புவது, இரண்டு வகை பார்க்கிங் என்று எல்லாமே நீங்கள் பலமுறை ஓட்டிப் பழகியவை. மெதுவாகப் போனால் தவறில்லை. கோணம் சரியில்லை என்று தெரிந்தால் கெர்ப்பில் உரசும்வரை காத்திருக்காமல் நிறுத்திச் சரிசெய்யுங்கள். பின்னால் எடுக்கும்போது கேமராவையோ கண்ணாடியையோ மட்டும் நம்பாமல் உடம்பைத் திருப்பிப் பாருங்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளக்கூடாது. கிளட்ச் வண்டியில் பழகுபவர்கள் இதற்கு ஹேண்ட்பிரேக்கை விடும் நேரத்தை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி சாலை. மூன்று நிலையங்களைச் சுற்றியும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. ஓரத்தில் லாரி நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் பலர் சிக்னல் போட்ட கையோடு ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுகிறார்கள். கண்ணாடி, சிக்னல், தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, அதற்குப் பிறகுதான் திருப்பம். அந்தப் பார்வை விழும் இடம்தான் பிளைண்ட் ஸ்பாட். உணவு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளோட்டி அங்கே வந்துகொண்டிருந்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரிய மாட்டார். டெஸ்டர் உங்கள் கழுத்தைக் கவனிப்பது அவருக்காகத்தான். கண்மணியை மட்டும் ஓரமாக உருட்டிவிட்டுப் பார்த்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

இன்னொரு இடம், இடப்பக்கம் திரும்பும் சந்திப்பு. உங்களுக்குப் பச்சை விளக்கு எரியும் அதே நேரத்தில் நீங்கள் நுழையப்போகும் சாலையைக் கடப்பவர்களுக்கும் பச்சை மனிதன் எரியும். பாதசாரி நடைபாதை விளிம்பில் கால் வைத்திருக்கிறார் என்றால் நின்றுவிடுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பச்சை அம்புக்குறி இல்லாத சந்திப்புகளில் எதிரே வரும் வண்டிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியை நீங்களே கணிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் போகாதீர்கள். அதே சமயம், சாலை காலியாக இருக்கும்போதும் போகாமல் தயங்கி நின்றால் அதுவும் பிழைதான். பின்னால் ஹாரன் அடிக்கிறார்களே என்று பாய்பவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் கவலையாக இருக்கும். ஹாரன் அடிப்பவர் எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்கும் இடத்தில் இல்லை.

வேகம் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டர் வரை. பள்ளிப் பகுதியிலும் முதியோருக்கான சில்வர் ஸோனிலும் வேக வரம்பு குறையும், பலகையைப் படியுங்கள். மஞ்சள் கோடு போட்ட பஸ் தடத்தில் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை நுழையக்கூடாது. காலை டெஸ்ட் எடுப்பவர்கள் இந்த நேரத்தைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

டெஸ்ட் ரூட்டை மனப்பாடம் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. "அடுத்து வலது" என்று மனம் முன்னாலேயே ஓடிவிட்டால் கண் பலகையைப் பார்க்காது. ஒருநாள் அங்கே பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருந்தால் தடுமாறிப்போவீர்கள்.

கம்பெனி லாரி ஓட்டுவதற்காக உரிமம் எடுக்க வரும் தம்பிகள் பலருக்கு ஆங்கிலத்தை நினைத்துப் பயம். பயப்பட வேண்டாம், டெஸ்டர் உங்களோடு பேச்சு வளர்க்கப் போவதில்லை. இடது, வலது, யூ-டர்ன், ஓரமாக நிறுத்து, இவ்வளவுதான் பெரும்பாலும். புரியவில்லையா, "சாரி சார், அகைன் ப்ளீஸ்" என்று கேளுங்கள். புரியாமல் அவசரமாக தடம் மாறுவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது. அவர் பேசாமல் எதையோ குறித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். ஒரு பிழை நடந்துவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டும்போதுதான் அடுத்த பிழை வரும்.

ஓட்டி முடித்ததும் எங்கெங்கே புள்ளி ஏறியது என்று டெஸ்டர் விளக்குவார். தேறினாலும் தேறாவிட்டாலும் அதைக் கேட்டு வந்து உங்கள் பயிற்றுநரிடம் அப்படியே சொல்லுங்கள். தேறாதவர்களுக்கு அடுத்த வகுப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேறியவர்களுக்கு முதல் ஒரு வருடம் சோதனைக் காலம். முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் முக்கோணத் தகட்டை ஒட்ட வேண்டும். அந்த வருடத்துக்குள் சாலை விதிகளை மீறியதற்காக 13 டீமெரிட் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும், தேர்வுகளை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். பழகும்போது விரைவுச்சாலையில் ஓட்ட அனுமதி இல்லாததால், உரிமம் கிடைத்த பிறகுதான் உங்களுக்கு அது முதல் அனுபவமாக இருக்கும். முதல் தடவை போகும்போது அனுபவமுள்ள அண்ணனையோ அப்பாவையோ பக்கத்தில் உட்காரவைத்து, நெரிசல் இல்லாத ஞாயிறு காலையில் போய் வாருங்கள்.