பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள்

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, தண்ணி பளிச்சுன்னு இருக்கு, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது." இரண்டடித் தொட்டி, நான்கு தங்கமீன். முந்தைய வாரம்தான் கொளத்தூரில் விலை கூடிய செராமிக் ரிங் (நுண்துளைகள் நிறைந்த சின்னப் பீங்கான் வளையங்கள்) வாங்கி ஃபில்டரில் நிரப்பிவிட்டு, பழைய ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டிருக்கிறார். சோதித்தால் அம்மோனியா எக்கச்சக்கம். இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீன் செவுள் வழியாக விடுவதும், மீந்த தீனி அழுகி வருவதும் அம்மோனியா. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு ஆபத்தில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். புது மீடியாவில், அதாவது ஃபில்டருக்குள் போடும் ஸ்பாஞ்ச், ரிங் போன்றவற்றில், இந்தப் பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

சரி, எதை வாங்குவது? பாக்டீரியா ஒட்ட இவ்வளவு இடம் என்று பெட்டியில் போட்டிருக்கும் பரப்பளவுக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். நுண்துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் இந்தப் பாக்டீரியா வேலை செய்யாது. வீட்டுத் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது சற்றே பெரிய துளையுள்ள ஸ்பாஞ்ச். விலையும் குறைவு. செராமிக் ரிங் போட்டே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் ஸ்பாஞ்சைத் தாண்டி அதற்கு வரும்படி வையுங்கள். பயோ பால் (bio ball) என்ற பிளாஸ்டிக் உருண்டை, தண்ணீர் சொட்டி இறங்கும் ஃபில்டருக்கானது. மூழ்கிக் கிடந்தால் பெரிய பயனில்லை.

நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும். பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) கூடுதலாக இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். கரண்ட் போனால் மூடிய கேனிஸ்டருக்குள் (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா ஃபில்டர்) பாக்டீரியா மூச்சுத் திணறும். அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே அதில் மாட்டிவிடலாம்.

அப்புறம், மீடியாவைக் குழாயடியில் கழுவவே கழுவாதீர்கள். மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, அதில் மெதுவாகப் பிழிந்தால் போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதையும் புதியதையும் ஒன்றரை மாதமாவது சேர்த்து ஓடவிடுங்கள்.

அந்தத் தம்பி வீட்டில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, என் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுபோய்ப் போட்டேன். தீனியை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னேன். மீதமிருந்த இரண்டும் இப்போது அடியில் கல்லைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.