தாளில் வந்து இறங்கிய கொசு

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வடிகட்டும் தாள். அதன்மேல் மிளகுத்தூளை லேசாகச் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் முட்டைகளை ஆய்வகங்கள் இப்படித்தான் காயவைத்து ஊர்விட்டு ஊர் அனுப்புகின்றன. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து புதுச்சேரி இந்திரா நகருக்குக் கொசு வந்ததும் முட்டையாகத்தான்.

ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். பின்கட்டில் யாரும் தொடாத ஆட்டுக்கல் குழியில் மழை பெய்த சில நாளில் புழு நெளிகிறதே, அதற்கும் இந்தக் குணம்தான் காரணம். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸின் முட்டைக்கு இந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது, ஈரம் போனால் செத்துவிடும்.

சரி, டெங்குக் கொசுவுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன, கடல் தாண்டி எதற்கு வரவழைக்க வேண்டும்?

வரவழைத்தது நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், புதுவைக்காரர்கள் வாயில் விசிஆர்சி. 1975-ல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் கீழ் இயங்குகிறது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உட்பட்டதல்ல. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்த 1981 முதல் 1985 வரை இந்த நகரத்தையே ஆய்வுக்களமாக்கி வேலை பார்த்தவர்கள். உள்ளூர்க் கொசு எங்கே முட்டையிடும், எந்த மருந்துக்குச் சாகாது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. மோனாஷ், ஆஸ்திரேலியாவின் அரசுப் பல்கலைக்கழகம். அவர்களிடம் இருந்தது, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு. 2017-ல் ஐசிஎம்ஆரும் மோனாஷும் கைகோத்தன.

வோல்பாக்கியா புதிய சரக்கு ஒன்றுமில்லை. 1924-லேயே ஒரு கியூலெக்ஸ் கொசுவுக்குள் கண்டுபிடித்தார்கள். பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதிக்குள் இது இயல்பாகவே குடியிருக்கிறது. நம் சாக்கடைக் கொசுவில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், யானைக்கால் நோய் தரும் புழுவுக்குள்ளும் இதன் இனம் ஒன்று உண்டு. ஏடிஸ் எஜிப்டியில்தான் இயல்பாக இல்லை. அதனால் பழப்பூச்சியிலிருந்து எடுத்த வகையை மெல்லிய ஊசியால் ஏடிஸ் முட்டைக்குள் செலுத்தினார்கள். ஆயிரக்கணக்கான முட்டைகளில் முயன்ற பிறகே தலைமுறை தாண்டி நிலைக்கும் கொசு கிடைத்தது. கொசுவின் மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை.

இது உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகத் திணறுகிறது. செல்லில் வைரஸுக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் போன்ற பொருள்களுக்கு வோல்பாக்கியா போட்டி போடுகிறது, கொசுவின் எதிர்ப்புசக்தியையும் உசுப்பிவிடுகிறது. பரவும் முறைதான் இன்னும் சாமர்த்தியம். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், பிள்ளைகளுக்கும் அது போய்ச்சேரும். தாய்வழிச் சொத்து மாதிரி. ஆகவே போதுமான எண்ணிக்கையில் வெளியே விட்டால், சில மாதங்களில் ஊர்க் கொசுக்களில் பெரும்பாலானவை இதைச் சுமக்கத் தொடங்கும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில், கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2021-ல் வெளியானது.

அப்படியானால் மெல்பர்ன் முட்டையைப் பொரிக்கவைத்து அப்படியே விட்டுவிடலாமே? பிரேசிலில் ரியோ நகரத்தின் ஒரு பகுதியில் முதலில் விட்ட கொசுக்கள் ஊன்றவே இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து அடிக்கிற பழக்கம். உள்ளூர்க் கொசு மருந்துக்குப் பழகிப்போனது, வெளியிலிருந்து விட்டதோ பழகாதது, செத்து விழுந்தது. உள்ளூர்க் கொசுவின் மருந்தெதிர்ப்பைச் சேர்த்து மறுபடி விட்டபோதுதான் நிலைத்தது. கொசுவத்தியும் ஸ்பிரேயும் இல்லாத வீடு நம் ஊரில் ஏது?

எனவே புதுச்சேரி ஆய்வகத்தில் கலப்பு தொடங்கியது. வந்த முட்டையிலிருந்து பிறந்த பெண், உள்ளூர் ஆணோடு சேர வேண்டும். பிள்ளைகளில் பாதி மரபு புதுச்சேரி. அந்தப் பெண் பிள்ளைகளை மறுபடி உள்ளூர் ஆணோடு விட்டால் முக்கால். ஆறு தலைமுறையில் கணக்குப்படி 98 சதவீதம் உள்ளூர்ச் சரக்கு. தாய்வழி வரும் வோல்பாக்கியா மட்டும் குறையாமல் தொடரும். எழுதும்போது எளிது. செய்யும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்கள் ஆணோடு சேருவதற்கு முன்பே பிரித்தாக வேண்டும். கூட்டுப்புழு நிலையில் பெண் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஒன்று தப்பினால் கணக்கு கெட்டது.

இரண்டு வகை வோல்பாக்கியாவை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று பழப்பூச்சியிலிருந்து வந்தது, இன்னொன்று ஆசியப் புலிக்கொசுவிலிருந்து வந்தது. முதல் வகைக்கு வெயில் ஆகாது. புழு வளரும் தண்ணீர் பகலில் 37 டிகிரி வரை சுட்டால் உள்ளே அதன் அளவு சரிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி வாளித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரியும். இரண்டாம் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும்.

இத்தகைய கூட்டு ஆய்வில் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் உயிர்ப்பொருள் பற்றியும் இருக்கும். முட்டை யாருக்குச் சொந்தம், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கலாமா, கட்டுரையில் யார் பெயர் வரும் என்றெல்லாம். சலிப்பான வாசிப்புதான், ஆனால் பின்னால் வரும் சண்டைகள் இங்கேதான் அடங்குகின்றன.

ஆள் பலத்துக்கு வேறொரு பல்கலைக்கழகம் இருக்கிறது, காலாப்பட்டில், 1985-ல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம். விசிஆர்சி தானாகப் பட்டம் தர முடியாது. அங்கே நடக்கும் பொதுச்சுகாதாரப் பூச்சியியல் முதுகலைப் படிப்புக்குப் பட்டம் காலாப்பட்டிலிருந்து வருகிறது. இந்தியா முழுக்க மலேரியா, டெங்குத் தடுப்பு வேலைக்குப் பூச்சியியல் தெரிந்தவர்கள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் உருவாகும் வழிகளில் இது ஒன்று. என்னைக் கேட்டால், மெல்பர்ன் ஒப்பந்தத்தைவிட இந்த உள்ளூர் ஏற்பாட்டைத்தான் பெரிதாக மதிப்பேன்.

புதுச்சேரிக் கொசு தயார் என்று 2022 ஜூலையில் அறிவித்தார்கள். வெளியே விட அரசின் அனுமதிகள் வேண்டும் என்பதையும் அப்போதே சொன்னார்கள். காத்திருக்கும் காலத்தில் முட்டைகளைத் தாளில் காயவைத்து அலமாரியில் பூட்டிவிடலாமா என்றால், அதற்கும் வழியில்லை. வோல்பாக்கியா உள்ள முட்டை மற்ற ஏடிஸ் முட்டையைப் போல் நெடுநாள் காய்ந்து கிடக்காது, நாளாக ஆகப் பொரிக்கும் அளவு குறைந்துகொண்டே போகும். ஆகவே தட்டில் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட் தூளும் பொடித்த நாய் பிஸ்கட்டும் தூவி, அடுத்த தலைமுறையை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.