ஒரு சின்னப் பள்ளம்: பிஸ்டல் மேகசின் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

1908-இல் ஜெர்மன் தரைப்படை லூகர் பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அதோடு ஆளுக்கு இரண்டு மேகசின்கள் கொடுத்தார்கள். இரண்டின் அடிக்கட்டையிலும் அந்தத் துப்பாக்கியின் எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறியும் இருக்கும். இந்த மேகசின் இந்தத் துப்பாக்கிக்கு என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவனுடையதைக் கடன் வாங்கிச் செருகினால் வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். எழுபத்து நான்கு வருடம் கழித்து, 1982-இல், பக்கத்து நாடான ஆஸ்திரியாவின் ராணுவம் கிளாக் 17 பிஸ்டலை எடுத்துக்கொண்டது. அதற்கென்று வந்த மேகசின், 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக் கிளாக்கிலும் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள்தான் சுவையான இயந்திரவியல் இருக்கிறது.

மேகசின் என்றே எழுதுகிறேன். ஈழத்தில் இதற்கு ரவைக்கூடு என்று அழகான பெயர் உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மேகசின்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் தோட்டாக்களைத் தாங்கும் ஒரு சிறு மேடை, அடியில் ஒரு மூடி, மேலே உட்பக்கமாக வளைந்த இரண்டு விளிம்புகள். ஸ்பிரிங் தோட்டாக்களை மேலே தள்ளுகிறது, விளிம்புகள் அவை வெளியே துள்ளாமல் பிடித்துக்கொள்கின்றன. சுட்டவுடன் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய், வெற்று உறையை வெளியே எறிந்துவிட்டு, மறுபடி முன்னால் வருகிறது. வரும் வழியில் மேகசினின் உச்சியில் காத்திருக்கும் தோட்டாவின் பின்விளிம்பைத் தட்டிக் குழலுக்குள் தள்ளுகிறது.

இது எவ்வளவு வேகத்தில் நடக்கிறது? கிளாக் 18 என்ற தானியங்கி வகை நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டாக்களைச் சுடும். அதாவது ஒரு நொடியில் இருபது. ஸ்லைடு போய்த் திரும்பும் அந்த இருபதில் ஒரு பங்கு நொடியிலும் ஒரு சிறு துண்டுதான் மேகசினுக்குக் கிடைக்கும். அதற்குள் அடுத்த தோட்டா மேலே ஏறி, சரியான உயரத்தில், மூக்கைச் சற்றே நிமிர்த்திக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் ஸ்லைடு அதைத் தொடாமலே மேலே கடந்துபோகும். உயர்ந்திருந்தால் மூக்கு குழல்வாயில் இடித்து நிற்கும்.

ஆக, எல்லாம் அந்த உயரத்தைப் பொறுத்தது. அந்த உயரத்தை நிர்ணயிப்பது எது? மேகசினின் உடம்பில் வெட்டிய ஒரு சின்னப் பள்ளம். பிடிக்குள் இருக்கும் கொக்கி அந்தப் பள்ளத்தில் விழுந்துதான் மேகசினை நிறுத்துகிறது. பள்ளத்திலிருந்து மேல்விளிம்பு வரை உள்ள தூரம்தான் ஒரு மேகசின் எந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லும் முதல் அளவு. பள்ளத்துக்குக் கீழே அது எவ்வளவு நீண்டாலும் துப்பாக்கிக்குக் கவலை இல்லை. 17 தோட்டா பிடிக்கும் கிளாக் 17-இன் மேகசினை, 15 பிடிக்கும் சிறிய கிளாக் 19-இல் செருகினால் அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேலை செய்யும். திருப்பிச் செய்தால் நடக்காது. கிளாக் 19-இன் குட்டை மேகசின் பெரிய துப்பாக்கியின் பிடிக்குள் பாதியில் நின்றுவிடும், பள்ளம் கொக்கியை எட்டாது.

அடுத்த சிக்கல் அகலம். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் அடிப்பாகம் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் விட்டம். பதினேழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 17 சென்டிமீட்டர் ஆகிவிடும். கிளாக் 17-இன் மொத்த உயரமே 14 சென்டிமீட்டருக்குள்தான். அதனால் மளிகைக்கடையில் உருளை டப்பாக்களை அடுக்குவதுபோல, ஒன்றின் தோளில் அடுத்தது சாய்ந்தபடி இரண்டு வரிசையாக அடுக்குகிறார்கள். அடுத்தடுத்த மூன்று தோட்டாக்களின் மையங்கள் சமபக்க முக்கோணமாக அமைந்தால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் 10-க்குப் பதில் 5 மில்லிமீட்டர் உயரம் போதும். பதினேழும் 9 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. தோட்டாக்கள் ஒன்றையொன்று சாய்வாகத் தள்ளுவதால், மேல்நோக்கிய விசை பக்கவாட்டிலும் திரும்புகிறது. காகிதத்தில் வரைந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உராய்வை விட்டுவிட்டால், முக்கோண அடுக்கில் நடுவில் உள்ள ஒவ்வொரு தோட்டாவும், ஸ்பிரிங் மேலே தள்ளும் விசையைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு விசையோடு பக்கச் சுவரை அழுத்தும்! எஃகுப் பெட்டி இதைத் தாங்கும். கிளாக்கின் மேகசினோ பிளாஸ்டிக் உடம்பு. தொடக்ககால மேகசின்களில் உள்ளே ஓர் எஃகுத் தகடு இருந்தாலும், அது பெட்டியை முழுதாகச் சுற்றி வராது. தோட்டா நிரப்பினால் வயிறு லேசாக உப்பும். கொக்கியை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாலும் மேகசின் தானாகக் கீழே விழாது, கையால் இழுக்க வேண்டும்.

இது குறைபாடா? ஐரோப்பிய ராணுவப் பழக்கத்தில் இல்லை. மேகசின் விலையுள்ள பொருள், சேற்றில் விழக் கூடாது, காலியானதை எடுத்துப் பையில் போட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 75 பிஸ்டலில் மேகசின் விழாமல் பிடித்துக்கொள்ளவென்றே ஒரு தகட்டு ஸ்பிரிங் வைத்தார்கள். அமெரிக்கப் போலீசுக்கோ நேரெதிர் ஆசை: காலியானது தானாக விழ வேண்டும், அடுத்ததை உடனே செருக வேண்டும். அந்தச் சந்தைக்காகக் கிளாக் தன் மேகசினை முழு எஃகு உள்ளுறையோடு மாற்றியது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. மேல்வாயின் பின்புறத்தைப் பார்த்தால் பழையதில் வெட்டு லாடம்போல் வளைந்திருக்கும், புதியதில் சதுரமாக இருக்கும். பழையதைப் புதிய துப்பாக்கியில் போட்டாலும் சுடும், விழாமல் அடம்பிடிக்கும், அவ்வளவுதான்.

உண்மையான பொருத்தச் சிக்கல் 2010-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் எட்டிப்பார்த்தது. அதுவரை மேகசினை விடுவிக்கும் பொத்தான் இடப்பக்கத்தில் மட்டும்தான், வலக்கைக்காரரின் கட்டைவிரலுக்கு. நான்காம் தலைமுறையில் இடக்கைக்காரரும் பயன்படுத்தும்படி, அதைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பொத்தானைத் திருப்பினால் கொக்கியும் இடம் மாறும். பழைய மேகசினில் பள்ளம் ஒரு பக்கம் மட்டுமே என்பதால், கொக்கிக்குப் பிடிமானமே இருக்காது. எனவே புதிய மேகசின்களில் இருபுறமும் பள்ளம் வெட்டினார்கள். இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான். இரட்டைப் பள்ள மேகசின் எந்தத் தலைமுறையிலும் போகும். ஒற்றைப் பள்ள மேகசின் புதிய துப்பாக்கியிலும் போகும், பொத்தான் பழைய இடத்திலேயே இருக்கும்வரை. கடையில் வாங்கியதுமே பொத்தானைத் திருப்பிவிட்ட இடக்கைக்காரருக்கு மட்டும், அப்பாவின் பழைய மேகசின்கள் உதவாது.

ஐந்தாம் தலைமுறையில் மேகசின் கொஞ்சம்தான் மாறியது. உள்மேடை ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது, காலியானது கண்ணுக்குச் சட்டென்று தெரியட்டும் என்று. அடித்தட்டு முன்புறம் சற்று நீண்டது, சிக்கிக்கொண்டால் விரலால் பிடித்து இழுக்க. பள்ளத்துக்கும் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை யாரும் தொடவில்லை.

இத்தாலியின் பெரெட்டா 92-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1970-களின் நடுவில் உற்பத்திக்கு வந்தபோது, அதன் விடுவிப்புப் பொத்தான் பிடியின் அடிப்பகுதியில் இருந்தது. அமெரிக்க விமானப்படைத் தேர்வுக்காக 92எஸ்பி என்ற வகையை உருவாக்கியபோது, பொத்தானை, டிரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் பின்னால், கட்டைவிரல் எட்டும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பயன்படுத்துபவருக்கு நல்லது. ஆனால் கொக்கி மேலே போனதால் பள்ளமும் மேலே போக வேண்டியதாயிற்று. பெயரும் தோற்றமும் 15 தோட்டாக் கொள்ளளவும் அப்படியே இருக்க, பழைய மேகசின் புதியதில் பூட்டாமல் நழுவியது. 1985-இல் அமெரிக்க ராணுவம் எம்9 என்று ஏற்றது இந்தப் புதிய பொத்தான் வழி வந்ததைத்தான். பழைய 92, 92எஸ் மேகசினை அதற்கு வாங்கினால் காசு வீண். ‘பெரெட்டா 92-க்கு’ என்று மட்டும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

பூட்டிக்கொண்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. கிளாக் 22-இன் மேகசின் வெளியளவில் கிளாக் 17-இன் மேகசினைப் போலவே இருக்கும். 17-இன் பிடிக்குள் வழுக்கிக்கொண்டு போய் ‘டக்’ என்று உட்காரும். ஆனால் அது .40 அங்குலத் தோட்டாவுக்கானது, அடிப்பாகம் கிட்டத்தட்ட 10.8 மில்லிமீட்டர். மேல்விளிம்புகளின் இடைவெளி அதற்கேற்பவே இருக்கும். அதில் 9 மில்லிமீட்டர் தோட்டா தளர்வாக, கொஞ்சம் கூடுதல் உயரத்தில் நிற்கும். சில சமயம் ஒழுங்காக ஏறும், சில சமயம் கோணிக்கொள்ளும். சில சமயம் என்ற சொல் இந்தத் துறையில் யாருக்கும் பிடிக்காது. அதனால் பள்ளத்தைப் பார்த்தபின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். கடைசித் தோட்டா போனபின் உள்மேடை ஸ்லைடை ஒழுங்காகப் பின்னால் நிறுத்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மேல்விளிம்பின் பாடத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கற்றவர்கள் உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911 மார்ச் 29-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45 பிஸ்டலின் ஆரம்பகால மேகசின்கள் இரண்டு நிறத்தில் இருக்கும். அலங்காரத்துக்காக அல்ல. விளிம்பு உள்ள மேல்பாதியை மட்டும் வெப்பப் பதப்படுத்திக் கடினமாக்கியதன் தழும்பு அது. சிலவற்றின் அடியில் ஒரு வளையமும் உண்டு, குதிரைப்படை வீரன் கயிறு கட்டிக்கொள்ள. ஏழு தோட்டா பிடிக்கும் அந்த மேகசின், அதே அளவில் இன்று செய்யப்படும் 1911 வகைப் பிஸ்டல்களில் இப்போதும் பூட்டிக்கொள்ளும்.

பிரௌனிங் தொடங்கிவைத்து, அவர் இறந்தபின் பெல்ஜியத்தில் முடிக்கப்பட்ட ஹை-பவர் பிஸ்டல் நமக்கு இன்னும் நெருக்கம். மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இந்திய ராணுவத்துக்காகச் செய்த ‘பிஸ்டல் ஆட்டோ 9எம்எம் 1ஏ’ அதன் கனடா வடிவத்தின் வாரிசு. இரு வரிசை, 13 தோட்டா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேகசின் உள்ளே இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாதபடி ஹை-பவரில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதற்காக ஒரு சிறு ஊசி மேகசினின் முன்சுவரை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த உராய்வால் மேகசின் தானாக விழத் தயங்கும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் டிரிகரின் கனமும் கூடிவிடும். அளவு கச்சிதமாக இருந்தும் மேற்பரப்பு சரியில்லாத மேகசின், துப்பாக்கியையே மட்டமானதாகக் காட்டிவிடும்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டா நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல எஃகுச் சுருளை அதன் மீள்மை எல்லைக்குள் அழுக்கி வைத்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் சுருங்கி, பிறகு அப்படியே நிற்கும். அதைச் சோர்வடையச் செய்வது திரும்பத் திரும்ப அழுக்கி விடுவதுதான். விளிம்பு வளைவதும், ஸ்பிரிங் தளர்வதும், கீழே விழுந்து பெட்டியின் வாய் கோணுவதும் எந்தத் தலைமுறைக்கும் பொது. ஆகவே பயிற்சிக் களங்களில் இன்றும் மேகசின்களின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிவைக்கிறார்கள். துப்பாக்கி சிக்கினால் முதல் கேள்வி, ‘எந்த நம்பர் மேகசின்?’